ஆந்தைக்கும் கோழிக்கும் நடுவே

நேரம்தான் முதலில் உறுத்தியது.

கணினித் திரையில் பட்டியல் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வரியிலும் புத்தகத்தின் பெயர், பக்கம், தேதி, நேரம், அதற்குக் கீழே குறிப்பு. மாலை நான்கரை, ஐந்து, ஐந்தே கால் என்று இருந்தால் அது அவர் எழுதியது. இரவு ஒன்பதரை, பத்து என்று இருந்தால் அது அவள் எழுதியது. இதில் அவளுக்குக் குழப்பமே வராது, ஏனென்றால் மின்புத்தகம் படிக்கிற அந்த ரீடர் வீட்டுக்கு வந்த ஏழு வருடமும் அவர்களுடைய குடித்தனம் இந்த இரண்டு நேரங்களுக்குள்தான் நடந்தது. ஆனால் நடுநடுவே பகல் பன்னிரண்டு நாற்பது என்று சில வரிகள் இருந்தன. அந்த நேரத்தில் அவள் வேலையில் இருப்பாள். அவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

கடிகாரம் ஏதாவது தப்பாக ஓடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவள் மேலே படித்தாள். மிஷின் என்றால் கோளாறு இருக்கத்தான் செய்யும்.

அவர் ஒரு செய்தித்தாள் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர். மாலை ஏழு மணிக்குக் கிளம்பினால் விடியற்காலை ஆறு மணிக்குத்தான் வீடு. அவளுக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜை, எட்டு மணிக்குப் போய் ஆறரைக்குத் திரும்ப வேண்டும். ஊருக்கெல்லாம் ஞாயிறு விடுமுறை என்றால் செய்தித்தாளுக்கு மட்டும் கிடையாது. ஆக இருவரும் விழித்த கண்ணோடு பார்த்துக்கொள்வது காலையில் கொஞ்சம், மாலையில் அரைமணி. அதிலும் பாதி நேரம் சாவி எங்கே, குடை எங்கே என்பதிலேயே போய்விடும். கல்யாணமான புதிதில் அவள் அவரை ஆந்தை என்று கூப்பிட ஆரம்பித்தாள். விடியுமுன் எழுந்து வீட்டையே எழுப்பிவிடுகிற அவளுக்கு அவர் கோழி என்று பெயர் வைத்தார். மகள் பிறந்ததும் அவளுக்கு வேறென்ன பெயர் வைக்க முடியும், முட்டை என்றானது.

பேச நேரமில்லாததால் எழுதினார்கள். இருவரும் ஒரே புத்தகத்தைப் படிப்பார்கள். அவர் படித்த பக்கத்தில் ஒரு சீட்டு வைத்துவிட்டுப் போவார், அவள் இரவில் அதைப் பார்த்துப் பதில் சீட்டு வைப்பாள். மகளுக்கு எட்டு வயதானபோது விருந்தாளிகள் நடுவில் ஒரு சீட்டை எடுத்து உரக்கப் படித்துவிட்டாள். அதில் அப்பா அம்மாவின் கழுத்து மச்சத்தைப் பற்றி என்னவோ எழுதியிருந்தார். அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம் வந்தது. படித்தவர் உடனே கிழித்துப் போட்டுவிட வேண்டும். ரீடர் வாங்கிய பிறகும் அதே சட்டம்தான், கிழிப்பதற்குப் பதில் அழித்தார்கள். ரீடரை அவர் இணையத்தில் இணைக்கவே விடவில்லை. புத்தகம் வேண்டுமென்றால் கணினியிலிருந்து கேபிள் போட்டு ஏற்றுவார். "இது நம்ம ரெண்டு பேரோட கடுதாசிப் பெட்டி. இதைப் போய் ஊருக்குத் திறந்து வைப்பாங்களா?" என்பார்.

நான்கு மாதத்துக்கு முன் ஒரு பகலில், தூக்கத்திலேயே அவர் போய்விட்டார். மாலை ஆறரைக்கு வந்து அவள்தான் பார்த்தாள்.

அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். பதிமூன்றாம் நாள் அச்சகத்து ஃபோர்மன் வந்து, அவருடைய லாக்கரில் இருந்தவற்றை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். அதில் பேனா டப்பா ஒன்று இருந்தது. திறந்தால் உள்ளே பேனா இல்லை, மாத்திரைகள். இதயத்துக்காக டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைகள். ஒவ்வொரு சாயங்காலமும் சாப்பாட்டுப் பையில் அவளே ஒன்று வைத்து அனுப்பியவை. எண்ணிப் பார்த்தாள், நாற்பத்தொன்று. நாற்பத்தொரு காலையில் அவள் "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். நாற்பத்தொரு முறை அவர் "ஆச்சு" என்று சொல்லி ஒரு கண்ணைச் சிமிட்டியிருக்கிறார். சொன்ன பொய்யைக்கூட மறந்துவிடலாம். அந்தக் கண் சிமிட்டல்தான் அவளை அறுத்தது. இத்தனை வருடம் கூடவே வாழ்ந்துவிட்டு, சிரித்துக்கொண்டே ஏமாற்றிவிட்டுப் போய்விட்டாரே, பாவி மனுஷன். அன்று நின்ற அழுகை இன்றுவரை வரவில்லை.

ஏன் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அது தெரியாமல் அவரை மன்னிக்கவும் முடியாது, அவருக்காக அழவும் முடியாது.

பத்து நாளைக்கு முன் மகள்தான் வழி சொன்னாள். மகள் வேறு ஊரில் இருக்கிறாள், ஏழு மாதக் கர்ப்பம். அப்பாவின் ரத்தம் அவளுக்கும் வந்திருக்கிறது, கட்டி தட்டுகிற ரத்தம். அதற்காகத் தினமும் வயிற்றில் தானே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று மருத்துவமனையில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். படுத்தே இருப்பதால் அவளுக்குப் பொழுது போகவில்லை. "அப்பா எழுதினதெல்லாம் எனக்கும் வேணும்மா," என்று, இருந்த இடத்திலிருந்தே அம்மாவின் கணினியில் ஒரு நூலகச் செயலியைப் போட்டுக் கொடுத்தாள். ரீடரைச் சார்ஜ் போட்டு, கேபிளில் மாட்டி, வைஃபையையும் போட்டுவிடச் சொன்னாள். அப்படிச் செய்தால் ரீடரில் இருப்பது நூலகத்துக்கு வரும், நூலகத்துக்கு வந்தது மகளுடைய போனிலும் தெரியும். மாப்பிள்ளையையும் அதில் சேர்த்துவிட்டிருக்கிறாளாம், அவரும் மாமனார் எழுதியதைப் படிக்கட்டும் என்று. புதிதாக எழுதுவதை ஒருவருக்கு மட்டும் தெரிகிற மாதிரியும் அனுப்பலாமாம். வைஃபை பொத்தானை அழுத்தும்போது அவளுக்கு ஒரு நொடி கை தயங்கியது. அவர் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார். என்னிடம் கேட்டா எல்லாம் செய்தார் என்று நினைத்து அழுத்திவிட்டாள்.

அன்று வந்தவை முப்பத்து நான்கு குறிப்புகள்தான். மற்றதெல்லாம் படித்து அழித்தவை. முப்பத்து மூன்று அழிக்க மறந்தவை, கடைசியாக இருந்தது மட்டும் அவள் அழிக்க மனம் வராமல் வைத்திருந்தது. "கோழிக்கு: எது நடந்தாலும் உன் தப்பு இல்ல. நிம்மதியா தூங்கு." அவர் போன அன்று ராத்திரி, வீடு நிறைய ஜனம் இருக்கும்போது, ரீடரைத் திறந்து பார்த்தபோது கிடைத்தது. அவர்மேல் அத்தனை கோபத்திலும் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் நாலு மாதத்தை ஓட்டியிருக்கிறாள்.

இன்று காலை மகள் போனில் இன்னொன்று சொன்னாள். "அழிச்சது எங்கேயும் போகாதும்மா. எழுதினது எல்லாம் ரீடருக்குள்ள ஒரு ஃபைல்ல சேர்ந்துட்டே இருக்கும். புத்தகத்துல அழிச்சாலும் அதுல அழியாது. அந்த ஃபைலை அப்படியே தூக்கி நூலகத்துல போடு, ஏழு வருஷமும் வந்துடும்."

"சரி. நீ ஊசி போட்டியா?"

"ஆச்சும்மா," என்று சொல்லி மகள் மெல்லச் சிரித்தாள்.

பல் மருத்துவமனைக்கு வர்ணம் பூசுவதால் அவளுக்கு இன்று விடுமுறை. பதினொன்றரை மணிக்கு அவள் படுக்கையறையில் அவருடைய தலையணைமேல் கிடந்த ரீடரை எடுத்து வந்து கூடத்துக் கணினியில் மாட்டி, ஃபைலை எடுத்துக்கொண்டு, மறுபடி கொண்டுபோய் அதே தலையணைமேல் வைத்தாள். அறை இருட்டாக இருந்தது. பகலில் தூங்குகிறவருக்காகத் தைத்துப் போட்ட கனத்த கறுப்புத் திரை இன்னும் ஜன்னலில் தொங்கியது. அச்சு மையின் வாடை லேசாக அடித்தது. நான்கு மாதமாக அவள் கூடத்திலேயே பாய் போட்டுப் படுக்கிறாள், அந்த உறைகளைத் துவைக்கவில்லை. வெளியே வரும்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாரநாளில், இந்த நேரத்தில், தனியாக இந்த வீட்டில் அவள் இருந்ததே இல்லை. இந்த வீட்டின் பகல் அவளுக்குத் தெரியாது.

பட்டியல் இரண்டாயிரத்தைத் தாண்டி ஓடியது. பழையதெல்லாம் முதலில் வந்தது. படிக்கப் படிக்க அவளுக்குச் சிரிப்பு வந்தது. "ஆந்தையாரே, இந்தக் கதாநாயகன் உங்களை மாதிரியே குடையைத் தொலைக்கிறான்." "கோழிக்கு: அவனுக்குக் குடை எடுத்துக் கொடுக்க ஆள் இல்ல, பாவம். எனக்கு இருக்கு." எல்லாம் நாலரை, ஒன்பதரை, ஐந்து, பத்து.

அப்புறம் அந்தப் பன்னிரண்டு நாற்பது.

முதலில் வந்ததில் குறிப்பே இல்லை, ஒரு புத்தகத்தில் ஒரே ஒரு சொல்லுக்குக் கோடு. அடுத்த வாரம் ஒரு எழுத்து, "க". பிறகு அதே எழுத்து வரிசையாக, பக்கம் முழுக்க. ஒரு மாதம் கழித்து "கோழ". பிறகு "கோழிகு". ஸ்லேட்டில் எழுதிப் பழகுகிற குழந்தை போல, தப்பும் தவறுமாக, ஒரு நாள் விடாமல். ஆறாம் மாதத்தில் அவள் முந்தின இரவு எழுதிய குறிப்பு அப்படியே மறுநாள் பகல் பன்னிரண்டு நாற்பதில் இருந்தது. ஒரு எழுத்து மாறவில்லை.

அவர் தூக்கக் கலக்கத்தில் விளையாடியிருப்பார் என்று அவள் நினைத்தாள். அப்படி நினைக்க ஆசைப்பட்டாள் என்பதுதான் சரி. எழுந்துபோய் அறை வாசலில் நின்று ரீடரின் மூலையில் தெரிந்த மணியையும் சுவர்க் கடிகாரத்தையும் பார்த்தாள். இரண்டும் பன்னிரண்டு ஏழு. கடிகாரத்தில் கோளாறு இல்லை.

மறுபடி வந்து உட்கார்ந்தாள். மாடி வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். குளிர்சாதனப் பெட்டி ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு அடங்கியது. அது அடங்கிய பிறகு வீட்டில் இருந்த நிசப்தம், யாரோ பேசப் போகுமுன் மூச்சை இழுத்துக்கொள்வது போலிருந்தது.

இரண்டாம் வருடத்திலிருந்து பன்னிரண்டு நாற்பது பேச ஆரம்பித்திருந்தது.

"கோழிக்கு: உன் கழுத்து மச்சத்தைப் பார்த்து எத்தனை நாளாச்சு." அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அன்று இரவு அதைப் படித்துவிட்டு, ஐம்பதை நெருங்குகிற வயதில் கண்ணாடி முன் போய் நின்றிருக்கிறாள். "கோழிக்கு: நீ இல்லாத வீட்டுல நான் நாள் முழுக்கக் காத்துட்டிருக்கேன்." அதுவும் நினைவிருந்தது. அவளுக்குப் பிடித்தவை, அழிக்குமுன் இரண்டு முறை மூன்று முறை படித்தவை எல்லாம் பன்னிரண்டு நாற்பது. மாலை ஐந்து மணியில் இருந்தவை வேறு மாதிரி இருந்தன. அவற்றில் பலவற்றை அவள் பார்த்ததே இல்லை. "கோழி, ரெண்டு நாளா ஒண்ணுமே எழுதலையே, கோபமா?" "கோழி, நான் கேட்டதுக்குப் பதிலே வரலையே." அவள் பார்ப்பதற்குள் யாரோ அழித்திருக்கிறார்கள்.

அவளுடைய குறிப்புகளும் அப்படித்தான். இரவு ஒன்பதரைக்கு அவள் எழுதியதற்குக் கீழே, மறுநாள் பகலில் வேறொன்று. அதே ஆந்தையாரே. அதே கிண்டல். ஆனால் அவள் எழுதாதவை.

புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு கடைசி இரண்டு மாதத்துக்கு வந்தாள்.

பகல் பன்னிரண்டு நாற்பது. "ஆந்தையாரே, எங்க ஆஸ்பத்திரி மாடியில இருக்கிற உங்க ஹார்ட் டாக்டரை லிஃப்ட்ல பார்த்தேன். உங்களுக்குத் தூக்கம் கெடறது அந்த மாத்திரையாலதானாம். ஒரு மூணு மாசம் நிறுத்தச் சொன்னார். நேர்ல இதைப் பத்திப் பேச வேண்டாம், காலையில முட்டை போன் ஸ்பீக்கர்ல இருப்பா, கேட்டா பயந்துடுவா. நான் வழக்கம்போல மாத்திரை போட்டீங்களான்னு கேட்பேன். நீங்க ஆச்சுன்னு மட்டும் சொல்லுங்க. நமக்குள்ள இருக்கட்டும்."

மாலை ஐந்து பத்து. "கோழிக்கு: உத்தரவு. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். கண்ணடிச்சுட்டு ஆச்சுன்னு சொல்றேன், புரிஞ்சுக்கோ."

அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தொரு காலை. ஒவ்வொரு காலையிலும் அவர் கண்ணைச் சிமிட்டியது அவளை ஏமாற்ற இல்லை. அவளுக்கும் தனக்கும் நடுவில் ஒரு ரகசியம் இருக்கிறது என்கிற சந்தோஷத்தில் சிமிட்டியிருக்கிறார். அவள் சொன்னதைக் கேட்கிறோம் என்று நினைத்திருக்கிறார். நான்கு மாதமாக வராத அழுகை அப்போது வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இத்தனை நாளும் அவரைத் திட்டிய ஒவ்வொரு சொல்லும் திரும்பி வந்து அவள் மேலேயே விழுந்தது.

மாலை ஐந்து இருபது. "கோழி, நெஞ்சு கொஞ்சம் அழுத்தற மாதிரி இருக்கு. டாக்டர்கிட்ட இன்னொரு தடவை கேட்கறியா?"

பகல் பன்னிரண்டு நாற்பது. "கேட்டேன். வெறும் வாயுதானாம். படுத்துத் தூங்குங்க. நான் பக்கத்துலதான் இருக்கேன்."

அதற்குக் கீழே அவர் போன தேதி. அதில் ஒரே ஒரு குறிப்பு. அவள் பிடித்துக்கொண்டிருந்தது. எது நடந்தாலும் உன் தப்பு இல்ல. நிம்மதியா தூங்கு.

நேரம் பகல் பன்னிரண்டு நாற்பது.

உடலைப் பார்த்த டாக்டர் சொன்னது அவள் காதில் இன்னும் இருந்தது. காலை பத்து மணியிலிருந்து பதினொரு மணிக்குள் உயிர் போயிருக்கும், தூக்கத்திலேயே. கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது, பூட்டுக்காரரைக் கூப்பிட்டுத்தான் திறந்தார்கள். உள்ளே அவர் மட்டும்தான். பதினொன்றுக்குப் போனவர். அவர் பக்கத்தில், தலையணையில், ரீடர்.

அதோடு பட்டியல் முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. நடுவில் நான்கு மாதம் வெற்றாக இருந்தது, ரீடரில் சார்ஜ் இல்லாத மாதங்கள். பிறகு பத்து நாளைக்கு முந்தைய தேதி, அவள் வைஃபையைப் போட்டுவிட்டு வேலைக்குப் போன முதல் நாள். அதிலிருந்து நேற்றுவரை, ஞாயிறு தவிர ஒரு நாள் விடாமல், பன்னிரண்டு நாற்பது.

"முட்டைக்கு: அம்மாதான் எழுதறேன். போன்ல பேசினா ரெண்டு பேரும் அழுதுடறோம். நானும் அப்பாவும் பேசின மாதிரி நாம இதுல பேசிக்கலாமா?"

அதன் கீழே மகளின் பதில். "சரிம்மா. நானே கேட்கணும்னு இருந்தேன்."

"முட்டைக்கு: உன் ரிப்போர்ட்டை எங்க மாடி டாக்டர்கிட்ட காட்டினேன். அந்த ஊசிதான் குழந்தைக்கு ஆகாதுன்னு சொல்றார். நிறுத்திடு. மாப்பிள்ளைக்குச் சொல்லாதே, பயந்துடுவார். காலையில நான் வழக்கம்போல கேட்பேன். நீ ஆச்சுன்னு மட்டும் சொல்லு."

"நிஜமாவாம்மா? வயிறெல்லாம் கன்னிப் போயிருந்தது. இன்னிக்கே நிறுத்திடறேன்."

ஆறு நாளைக்கு முந்தைய தேதி. ஆறு காலையாக அவள் கேட்டிருக்கிறாள். ஆறு காலையாக மகள் மெல்லச் சிரித்துக்கொண்டு ஆச்சும்மா என்றிருக்கிறாள்.

போனை எடுத்து மகள் நம்பரைப் போட்டாள். நாலாவது மணியில் மகள் எடுத்தாள்.

"முட்டை, ஊசியை எடுத்துப் போடு. இப்பவே போடு. நான் சொல்றதைக் கேளு, நான் எதையும் எழுதலை."

"அம்மா, முதல்ல உட்காரு. தண்ணி குடி."

"நான் எழுதலைடி. ஒரு வரிகூட நான் எழுதலை. அப்பாவுக்கும் நான் எழுதலை. அது வேற. இந்த வீட்டுல..."

மகள் சின்னக் குழந்தையிடம் பேசுவது போலப் பேசினாள். "நீயே எழுதியிருந்தியேம்மா, நேத்து. அப்பா போனதிலிருந்து பகல்ல மனசு நிலையா இருக்கறதில்லை, ஒரு நாள் அழுதுட்டே போன் பண்ணி எல்லாத்தையும் மாத்திச் சொல்லுவேன், நம்பாதேன்னு. எழுதும்போதுதான் தெளிவா இருக்கேன்னு. எனக்குப் புரியுது. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"முட்டை, உன் வயித்துல இருக்கிற பிள்ளை மேல சத்தியமா சொல்றேன்."

"சரிம்மா. ஊசி போட்டாச்சு. ஆச்சு. போதுமா?"

அந்த ஆச்சுவில் இருந்த செல்லத்தை அவளுக்குத் தெரியும். அவர் நாற்பத்தொரு முறை சொன்னது அப்படித்தான். மகள் கண்ணைச் சிமிட்டியிருப்பாள் என்றுகூடத் தோன்றியது. போன் வைக்கப்பட்டது. மறுபடி போட்டால் எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள். எடுக்கவில்லை.

மாப்பிள்ளை. மாப்பிள்ளையைக் கூப்பிட வேண்டும். அவர் நம்பரைத் தேடினாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டப்.

படுக்கையறையிலிருந்து. நகம் கண்ணாடியில் படுகிற மாதிரி. மெல்ல, அவசரமே இல்லாமல்.

டப். டப்.

கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். பார்க்காமலே தெரிந்தது.

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கறுப்புத் திரை, இருட்டு, மை வாடை. தலையணைமேல் ரீடரின் வெளிச்சம். அதில் எழுத்துப் பலகை விரிந்திருந்தது. ஒவ்வொரு கட்டமாகக் கறுத்து வெளுத்தது. பக்கத்தில் யாரும் இல்லை. மெத்தை மட்டும் அவர் படுக்கிற இடத்துக்கு இந்தப் பக்கம், அவள் ஒருநாளும் பகலில் படுக்காத இடத்தில், ஓர் ஆள் அளவுக்கு அமுங்கியிருந்தது. நான் பக்கத்துலதான் இருக்கேன்.

அவள் ஓடிப்போய் அதைப் பிடுங்கி எறிந்திருக்கலாம். வாசலிலேயே நின்றாள்.

அவளுக்குப் பின்னால், கூடத்தில், கணினி ஒருமுறை மணியடித்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். பட்டியலின் அடியில் புதிதாக ஒரு வரி வந்திருந்தது. இன்றைய தேதி, பகல் பன்னிரண்டு நாற்பது. அதற்குக் கீழே, அவள் எப்போதும் எழுதுகிற மாதிரியே, அதே மரியாதையோடு, ஒவ்வொரு டப்புக்கும் ஒவ்வொரு எழுத்தாக ஏறிக்கொண்டிருந்தது.

"மாப்பிள்ளைக்கு: அத்தைதான் எழுதறேன். இப்ப என் நம்பர்லேர்ந்து போன் வரும். எடுக்காதீங்க."